உப்பில்லாத கிழங்கு மசியல்

பந்தாமா, குமாசி
புதன்கிழமை

அன்பு மகன் போவாடிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். நம் தெரு அசாபியா நாளை ஹாம்பர்க் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நாம் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வாதத்தில் வலது கையும் காலும்தான் விழுந்தன. காது நன்றாகக் கேட்கிறது.

முதலில் நல்ல செய்தி. அப்பா மறுபடி மாமரத்தடியில் பலகை போட்டு டாமே ஆடுகிறார். இடது கையால்தான் காய்களை நகர்த்துகிறார். தையல்கார லார்பி விட்டுக்கொடுப்பதே இல்லை. "பெரியவரே, நீங்க ஒரு காயைத் தள்றதுக்குள்ள நான் ஒரு சட்டையே தச்சுடுவேன்" என்கிறார். அப்பாவும், "உன் சட்டையைப் போட்டவனைப் பார்த்திருக்கேன், என் ஆட்டம் அதைவிட நல்லாவே இருக்கு" என்று திருப்பிக் கொடுக்கிறார். வாய் கோணினாலும் பேச்சு கோணவில்லை.

சாப்பாடுதான் பிரச்சினை. டாக்டரும் நீயும் சொன்னபடி நான்கு மாதமாக உப்பை நிறுத்திவிட்டேன். உப்புக் கருவாடு கிடையாது, சூப்பில் போடும் உப்பு மசாலாக் கட்டி கிடையாது. இஞ்சி, வெங்காயம், மிளகாய் என்று எதையெதையோ அரைத்து ஊற்றிப் பார்க்கிறேன். இரண்டு வாய் உண்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறார். "ஆட்டுக்குக் கழுநீர் வைக்கிறவகூட கொஞ்சம் உப்பு போடுவாளே" என்கிறார். இடுப்பில் துணி நிற்கவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நான் அடுப்படியில் நின்றபடியே உப்புப் போட்டுத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் உட்காருகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பசிக்கிறது.

கோயிலுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. பாடகர் குழுவில் என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு இங்கே வரைக்கும் கேட்கிறது. அவள் சுதி கொஞ்சம் இறங்குகிறது.

உன் அத்தை ஃப்ரேமா ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறாள். வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய் சூப்பை விரலால் தொட்டு நக்கிப் பார்க்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன் அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். பிறந்தநாள் வழக்கப்படி காலையில் கிழங்கை மசித்து, மேலே முட்டை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு மாதப் பழக்கத்தில் கை தானாக உப்பை விட்டுவிட்டது. நம் வழக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு உறைக்கவேயில்லை. அத்தை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். "இதுல உப்பில்லையே. செத்தவங்களுக்குத்தானே மசியலை உப்பில்லாம படைப்போம்? ஏம்மா, என் தம்பி எப்போ செத்தான்?" என்று கேட்டாள். அப்பா கையிலிருந்த முட்டையைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் அவர்கள் குடும்பம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. உயிரோடு இருப்பவனுக்குப் படையல் வைத்தவள் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கோழி அறுத்து, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதோடு விடவில்லை. வரும் சனிக்கிழமை வந்து அவரை மாம்போங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அழைத்துப் போகப் போகிறார்களாம். அங்கே எந்தக் குழம்பும் கருவாடு இல்லாமல் அடுப்பை விட்டு இறங்காது, உனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "டாக்டர் எங்க குடும்பமா?" என்றாள் அத்தை. என் மகனிடம் கேட்காமல் எப்படி என்றேன். "அவன் உங்க வீட்டு ரத்தம். எங்க பேச்சுல அவனுக்கு என்ன வேலை?" என்றாள். நம் வழக்கப்படி பிள்ளை தாயின் குடும்பத்தோடுதானே சேர்த்தி, அவள் சொல்வது சரிதான்.

இங்கேயே இருந்து இளைத்துப் போனால், பட்டினி போட்டுக் கொன்றாள் என்பார்கள். உப்பைப் போட்டு இன்னொரு முறை வாதம் வந்தால் நீயே என்னை மன்னிக்க மாட்டாய். எப்படிப் பார்த்தாலும் கொன்றவள் நான்தான். ஊரில் இரண்டு வேளை அடுப்பு மூட்டுகிற எத்தனையோ பெண்களில் எனக்கு மட்டும் ஏன் இந்த அடுப்பு என்று அழுதுவிட்டேன்.

அப்பா நேற்று மாலை என் துணி நுனியைப் பிடித்துக்கொண்டு, "உப்பில்லாட்டியும் பரவால்ல. நீ போடுறதையே தின்னுடறேன். அங்க மட்டும் அனுப்பிடாத" என்றார். நான்கு மாதமாக என்னைத் திட்டியவர் அப்படிக் கேட்டார். சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் போவாடி, சனிக்கிழமை என்று அத்தை சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, நிம்மதி. அவருடைய துணிகளைத் துவைத்து மடித்துவைத்துவிட்டேன். யாரும் சொல்லாமல் நானே செய்தேன். அவர் பார்த்தார், எதற்கு என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை எல்லார் முன்னாலும் என்னிடம்தான் கேட்பார்கள், அனுப்புகிறாயா இல்லையா என்று. அவர்களுக்கு நான் பயப்படவில்லை, என் வாய்க்குத்தான் பயப்படுகிறேன். முடிந்தால் அதற்குள் வந்துவிடு. முடியாதென்று தெரியும், வேலையை விட்டுவிட்டு எப்படி வருவாய். அப்படியானால் வெள்ளிக்கிழமைக்குள், "அனுப்பிவிடும்மா" என்று நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

உனக்கும் மருமகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். உங்கள் இருவரில் ஒருவர் மற்றவருக்குக் காவல் இருக்கும்படி மட்டும் அவர் விடாதிருக்கட்டும்.

உன் அம்மா,
அபெனா நியார்கோ