பெரிய தாழி

கர்த்தர் உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருப்பாராக.

திராட்சை பழுத்துவிட்டது. விதையைக் கடித்தேன், நீங்கள் சொல்வதுபோலவே நொறுங்கியது. ஞாயிறு பூசை முடிந்ததும் பறிக்கலாம் என்றிருக்கிறேன்.

திராட்சை ரசம் ஊறவைக்கத் தோட்டத்தில் புதைத்திருக்கும் தாழிகளைக் கழுவ, பக்கத்து வீட்டுத் தம்பி ஓதாரி வந்தான். "இந்தத் தொப்பை உள்ள போகுமாடா?" என்றேன். "போறது போயிடும் அண்ணி, வெளிய வர்றதுதான் சந்தேகம்" என்றான். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தேன்.

நம் இருவருக்கும் சின்னத் தாழி போதும் என்பது என் கணக்கு. அதைக் கழுவி முடித்தவன், சொல்லாமலே பெரிய தாழிக்குள் இறங்கினான்.

"அது எதுக்குடா? இந்த வருஷம் நம்ம வீட்ல கல்யாணமா நடக்கப்போகுது?"

"இருக்கட்டும் அண்ணி. நாலு பேர் வந்தா வேணும்ல."

தலையை நிமிர்த்தாமல் சொன்னான். கல்யாணத்தை விட்டால் பெரிய தாழியை எதற்கு நிரப்புவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். நான் அதை எழுதமாட்டேன்.

கழுவிய கடைசித் தண்ணீரை வழக்கப்படி என்னிடம் நீட்டினான். வீட்டார் குடித்துப் பார்த்துச் சரி என்றால்தானே நிரப்பலாம்? குடித்தேன். ஊற்றுத் தண்ணீர்போல் இருந்தது.

"வாடை போகலை, மறுபடியும் கழுவு" என்றேன்.

கழுவினான். மறுபடியும் அதையே சொன்னேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. "சரி அண்ணி, நாளைக்கும் வந்து கழுவுறேன்" என்று மட்டும் சொல்லிப் போனான்.

பொய்யைப் பாதிரியாரிடம் அறிக்கையிட்டுக்கொள்வேன். ஆனால் ஞாயிறு வந்தால் என்ன சொல்வேன்? பெரிய தாழி வேண்டாமென்று நான் சொன்னால் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பேச்சு வராவிட்டால் பரவாயில்லை. இதை வாசித்துக் காட்டும் நம் மகளின் விரலை அழுத்துங்கள். லேசாக அழுத்தினாலும் போதும், அவள் எனக்குச் சொல்லிவிடுவாள்.

உங்கள் மனைவி