மயில்கழுத்து மப்ளர்

என் ராஜாத்திக்கு, உன் மாமா எழுதுவது. நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா?

நான் சாயம் போடும் கம்பளி நூலுக்கு இங்கே ஊரே அடித்துக்கொள்கிறது. போன வாரம் ஒரு டீச்சரம்மா, முன்பு என்னிடம் வாங்கிய நூலில் பாதி பின்னிய ஸ்வெட்டரோடு வந்தார்.

"ஒரு கைக்கு நூல் பத்தலைங்க. இதே மயில்கழுத்து கலர் கிடைக்குமா?"

"நம்ம கைராசிக்கு நூறு தடவை வேணாலும் வரும்மா!" என்று சவடால் விட்டேன்.

புது நூலை மூன்று முறை சாயத்தில் முக்கினேன். ஒன்று பாசி நிறம், ஒன்று மை நிறம், மூன்றாவதைக் கேட்காதே. சாயத்தை நான் கண்ணளவில்தானே போடுவேன்! டீச்சரம்மா நூலோடு ஒரே சட்டியில் சாயம் ஏறிய நூல் வேறெங்கும் மிச்சமில்லை, உனக்கு அனுப்பியதைத் தவிர. அதில்தான் நீ எனக்கு மப்ளர் பின்னி அனுப்பியிருந்தாய்.

அதைப் பிரித்து, ஆவி காட்டி, சுருக்கம் நீக்கி, புது நூலாகச் சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

"அச்சு அசலா அதே கலர்!" என்று அந்தம்மா பூரித்தபோது, நானும் வெட்கமில்லாமல் மீசையை முறுக்கினேன்.

பிரிக்கும்போது பின்னலோடு உன் தலைமுடி ஒன்று வந்தது. அதை மட்டும் கொடுக்கவில்லை.

திட்டாமல் இன்னொன்று பின்னி அனுப்பு, கழுத்து சில்லிடுகிறது. என் நூல் வேண்டாம். யாருமே கேட்டு வராத கலராகப் பார்த்துக் கடையில் வாங்கு. சட்டி பொங்குகிறது, ஓடுகிறேன்.

உன் மாமா