கொடி ஏறிய பிறகு

வலது மணிக்கட்டில் மிளகு அளவுக்கு ஒரு கறுத்த புள்ளி. குளிக்கும்போது சோப்பு பட்டால் இலேசாக எரிகிறது. என் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததற்கு மிஞ்சிய அடையாளம் இவ்வளவுதான். உன்னிடம் காட்டினால், "ஏலே, கொசு கடிச்சதையா ஆபரேசன்னு சொல்லுதே?" என்பாய்.

திருநெல்வேலியில் இதயத்துக்கென்றே தனி ஆஸ்பத்திரி. கையை மரத்துப்போக வைத்து, அதன் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டார்கள். முழித்துக்கொண்டே திரையில் பார்த்தேன். அடைபட்டிருந்த இடத்தில் ஸ்டென்ட் விரிந்ததும் ரத்தம் பாய்ந்தது. உன் ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். சாயங்காலம் எழுந்து நடந்தேன், மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே ஸ்டென்டை உனக்குத் தொடை வழியாக வைப்பதாகச் சொன்னார்கள். மூன்று ராத்திரி தங்க வேண்டும் என்றார்கள். நம்மூர் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக என் தறிக்கூடத்துக்கு வந்தாய். "நாளைக்குக் காலைல போயிரலாம்னு பாக்கேன். நீயும் வாரியா?" என்று கேட்டாய். நீ பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

முந்தின நாள்தான் நம்மூர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை நம் தெருக்காரர்கள் வெளியூரில் ராத்தங்குவதில்லை. "கொடி ஏறிட்டுல்லா, இப்பப் போயி மூணு ராத்திரி அங்கன கெடப்பியா? தபசு முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

சாமிக்குப் பயந்து சொன்னேன் என்று நினைத்துவிடாதே. அந்த வருடம் ஒருநாள் திருவிழாச் செலவை நம் தெரு ஏற்கும் மண்டகப்படிக்குக் கூட்டாளிகள் நாம் இரண்டு பேர்தான் பொறுப்பு. பூவுக்குச் சொல்வது, மேளக்காரரைப் பிடிப்பது, சமையல்காரரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நீ பார்க்கிற வேலை. நீ இல்லாவிட்டால் முழி பிதுங்கி நின்றிருப்பேன். அதற்காகத்தான் சொன்னேன். நீயும் சரி என்றாய். மண்டகப்படி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. தபசுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் பல் தேய்க்கப் போன இடத்திலேயே சாய்ந்துவிட்டாய்.

அதோடு விட்டேனா? உன் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், என்னைப் பார்த்து, "கூடவே இருந்தீகளே, போகச் சொல்லலியா?" என்று கதறியபோது, "எவ்வளவோ சொன்னேன் மதினி, கேக்கலியே" என்றேன். கூசாமல் சொன்னேன், பாவி.

இந்த வருடம் எனக்கு நெஞ்சு அடைத்ததும் கொடி ஏறிய பிறகுதான். "வெளியூர்ல ராத்தங்கலாமா?" என்று என் வீட்டுக்காரி தயங்கி நின்றாள். ஓடி வந்த மதினிதான் அவளை அதட்டினார். "சாமி ஒண்ணும் சொல்லாது. மொதல்ல காரக் கூப்புடுட்டி" என்று என்னை ஏற்றிவிட்டார்.

நேற்று பார்க்க வந்தார். "ஒரே ராத்திரில முடிஞ்சிட்டு பாருங்க அண்ணாச்சி. அவுக அன்னைக்கு ஒங்க பேச்சக் கேட்டிருக்கலாம்லா" என்றார். "பிடிவாதம் புடிச்சு என்னத் தனியா விட்டுட்டுப் போனீகளே" என்று இன்னமும் உன் படத்துக்கு முன்னால் நின்று உன்னைத் திட்டுகிறாராம்.

சொல்லிவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்தேன். "அசையாதீக, படுங்க" என்று தலையணையைச் சரிசெய்தார். நான் படுத்துக்கொண்டேன்.

நீ கேட்டாய். என் பேச்சைத்தான் கேட்டாய். திட்டை மட்டும் இன்னும் நீயே வாங்கிக்கொண்டிருக்கிறாய்.