தோற்ற வீட்டுக்குச் சோறு

கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகும் தூக்குப்போசியில் பெருங்காய வாசம் போகவில்லை, நங்கையா. பிள்ளை தூங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, அவரும் தூங்கிவிட்டார். ஊரே அடங்கின பிறகு இந்தப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன். அதன் இடுப்பில் நீங்கள் உண்டாக்கிய நசுங்கல் அப்படியே இருக்கிறது. ஈயம் பூச வருகிறவன் ஒவ்வொரு முறையும் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பான். நான்தான் விடுவதில்லை.

நேற்று நம் பாஸ்கட்பால் டீம் தோற்றுவிட்டது. அரையிறுதி. முன்பும் நம்மை வீழ்த்தின அதே ஏலக்காய் மலைக்காரர்களிடம். இந்த முறை கிட்டக்கூட நெருங்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் பாதி ஆட்டத்திலேயே செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பீர்கள். ஆனால் போயிருக்க மாட்டீர்கள்.

நான் நல்லேப்பிள்ளிக்கு மருமகளாக வந்த புதிதில், பக்கத்து ஊரான சித்தூரில் பாஸ்கட்பால் போட்டி நடக்கிறது என்று இவரிடம் மெல்லச் சொன்னேன். பாலக்காட்டுக் கல்லூரியில் ஆடினவள் நான். பந்து தரையில் தட்டும் சத்தம் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. இவர் வயலுக்குத் தண்ணீர் விடும் முறை இன்றைக்கு என்றார். அடுக்களையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அவன் கெடக்கறான், நான் கூட்டிட்டுப் போறேன் வா அம்மிணி" என்றீர்கள். பெண்டுகள் பந்து பார்க்கப் போகிறார்களாம் என்று பஸ்ஸிலேயே யாரோ சிரித்தார்கள். நீங்கள் அவர்களுக்கும் வழியில் தின்ன முறுக்கு கொடுத்தீர்கள்.

அன்றைக்கு நாலைந்து பந்து விழுவதைப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டீர்கள்: "அடியில்லாத கூடையில போட்டுப் போட்டு எடுக்கறாங்களே, இது எப்ப அம்மிணி நெறயறது?"

அடுத்த வாரமே நீங்கள் ஃபவுல் எது என்று எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டீர்கள். ரெஃப்ரியைத் திட்டும்போதும் மரியாதை விடமாட்டீர்கள். "ஏனுங்க விசிலு, கண்ணைக் கழட்டி ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று நீங்கள் கேட்டதில் அந்த மனிதர் ஊதவந்த விசிலை ஊதாமல் திரும்பிப் பார்த்தார். ஒரு பாயிண்ட் நமக்குக் கிடைத்தது அன்றைக்கு.

பிறகு மலைக்காரர்களோடு அந்த அரையிறுதி. கடைசி நிமிடம், ஒரே ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம், நம் கேப்டன் பாலன் ஃப்ரீ த்ரோ போட நிற்கிறான். முதல் பந்து வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தது. இரண்டாவது பலகையில் பட்டு எங்கேயோ போனது. நீங்கள் மடியில் இருந்த தூக்குப்போசியை எடுத்து உட்கார்ந்திருந்த பலகையில் ஓங்கி அடித்தீர்கள். அந்த நசுங்கல்தான் இது. அந்த வருடம் ஓணத்துப் பாயசத்தில் ஏலக்காய் விழவில்லை. மலையில் விளைவது நம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு.

ஆனால் மறுநாள் விடிவதற்குள் எழுந்து புளிச்சோறு கிளறினீர்கள். என்ன விசேஷம் என்று கேட்டேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், சொந்தக்காரர்கள்தான் சோறு கொண்டுபோக வேண்டும், இது தெரியாதா என்றீர்கள். எனக்குத் தெரியும், யார் செத்தது என்றுதான் தெரியவில்லை.

சோற்றோடு நாம் போனபோது கிளப் அறையில் பையன்கள் கூடையின் வலையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நீங்கள் இலையைப் பரப்பிச் சோற்றை வைத்ததும் பாலன் பயந்துபோய் எழுந்தான்.

"ஆரு மரிச்சது சேச்சி?"

"கப்பு செத்துப் போச்சல்லொ. தோத்த ஊட்டுல ஆரு அடுப்புப் பத்த வெப்பாங்க? உக்காந்து சாப்புடு சாமி."

முதலில் சிரித்தவன் பாலன்தான். சிரித்துக்கொண்டே அழுதான், அழுதுகொண்டே மூன்றாம் தடவையும் சோறு வாங்கினான். எல்லாம் தீர்ந்ததும் நீங்கள் சாவு வீட்டு முறைப்படி ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்தீர்கள். நானும் வாய் திறக்காமல் பின்னால் வந்தேன். வாசல் தாண்டியதும் நின்றீர்கள். ஏதோ தப்பாகிவிட்டது போல நெற்றியைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போய்க் கதவருகில் நின்று சொன்னீர்கள்: "இங்க சொல்லிட்டுத்தான் போவோணும். அடுத்த வருசம் வரோணுமல்லொ. போயிட்டு வர்றோமுங்க."

போன ஆடியில், கர்க்கடக மழையில், மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோயிற்று. அன்று பாலன் வந்தான். நனைந்த சட்டையோடு ஓரமாக நின்றவன், கிளம்பும்போது உங்கள் பக்கம் பார்த்துச் சத்தமாகவே, "சேச்சி, போயிட்டு வரேன்" என்றான். இழவு வீட்டில் சொல்லக்கூடாததைச் சொன்னான் என்று பெரியவர்கள் எல்லாம் முறைத்தார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது நங்கையா, உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் அன்றைக்கு உங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. முறைப்படியே இருந்துவிட்டேன்.

தோற்ற வருடமெல்லாம் நாம் சோறு கொண்டுபோனோமே என்று இன்று காலை புளி ஊறவைத்துவிட்டேனே தவிர, கிளப்புக்குப் போவதா வேண்டாமா என்று ஒரே குழப்பம். பிள்ளைக்குச் சளி. நேற்றிலிருந்து ஒரு வாய் சரியாக இறங்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, தூக்கிக்கொண்டு போனால் காற்றுப் படும். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் எது அவள் சூடு, எது என் கைச்சூடு என்றே தெரியவில்லை. இவர், "ஒரு வருசம் போகாட்டி என்ன?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஒரு வருடம் விட்டால் அந்த வழக்கம் உங்களோடு போய்விடும் என்று எனக்குப் பட்டது. அப்போது உங்கள் குரல்தான் கேட்டது. இவள் பிறந்த புதிதில் சொன்னீர்களே: "ரெஃப்ரியாட்டப் பிள்ளை மேலயே கண்ணா இருக்கறே. அது மூச்சு உட்டாலும் விசில் ஊதறே. கொஞ்சம் ஆட உடு அம்மிணி."

அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இவர் போசியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

அதே அறை, அதே வலை மடிப்பு. பாதி முகங்கள் புதிது. என்னைப் பார்த்ததும் பாலன் ஒன்றும் கேட்காமல் இலை எடுக்கப் போனான். புதுப் பையன்களுக்கு அவனே விளக்கினான், யார் செத்தது என்று. பிள்ளை என் இடுப்பிலிருந்து நழுவி, தவழ்ந்து, பாலன் இலைக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள். அவன் ஒரு கவளம் உருட்டி நீட்டினான். மிளகாய், புளி, வலையைப் பிடித்த கை, கழுவினானோ என்னவோ. என் தொண்டைவரை வந்துவிட்டது விசில். ஊதவில்லை நங்கையா. அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது, மறுபடியும் வாயைத் திறந்தாள். பையன்கள் கூடையில் பந்து விழுந்த மாதிரி கை தட்டினார்கள்.

வாசலில் திரும்பி நின்று, "போயிட்டு வர்றோமுங்க" என்றேன். உங்கள் குரல் அளவுக்கு எழும்பவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "வாங்க" என்றார்கள்.

ஏலக்காயை மட்டும் நான் விலக்கப் போவதில்லை, மன்னிக்க வேண்டும். பாயசம் அதில்லாமல் பாயசமாகவே இல்லை அந்த வருடம். பயந்துகொண்டு யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

பிள்ளை புரள்கிறாள். மூக்கடைப்பு கொஞ்சம் விட்டிருக்கிறது போல. நெற்றியைத் தொட்டுப் பார்க்கவேண்டும், ஒரே ஒரு தடவை. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

போயிட்டு வர்றேன், நங்கையா.