மூன்று நிமிட வெளிச்சம்

6 ஜூலை 1987, திங்கள்

காலையிலிருந்தே சாரல். கொடியில் கிடக்கும் சேலை மூன்றாம் நாளாக ஈரம். 7–2 டூட்டி முடித்துக் குற்றாலம் பஸ். பஸ் முழுக்க ஈரத்தலையும் எண்ணெய் வாடையும். உட்கார இடம் இல்லை. உட்கார்ந்து எழுந்திருக்கும் பாட்டுக்கு நிற்பதே மேல்.

லேசர் சிகிச்சை, முதல் நாள். லாட்ஜ் ஒன்றின் கீழே இரண்டு அறை. பத்து நாள் வெளிச்சம், கூடவே தினமும் உடற்பயிற்சி. டாக்டர்: "வெளிச்சத்த மட்டும் வாங்கிட்டுப் போயிரலாம்னு நினைக்காதீங்க. ரெண்டும் சேந்தாத்தான் வலி குறையும். அதுவும் குறையலாம்னுதான் சொல்லுதேன்." நேர்மையான ஆள். பத்தொன்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஸ்டூலில் உட்கார்ந்து, எட்டி எட்டிப் பிளக் சொருகிச் சேர்த்த வலி. சரோஜா, பக்கத்து போர்டுக்காரி, அருவியில் போய் நில்லுங்கள் போதும் என்கிறாள். அவள் வயது 26.

சுடவில்லை, குத்தவில்லை. ஸ்டாண்டில் மாட்டிய, பேனா மாதிரி ஒரு குழாய், நுனியில் சிவப்புப் புள்ளி. ஓர் இடத்துக்கு மூன்று நிமிடம். மணி அடித்தால் அடுத்த இடம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அதைப் போட்டுவிட்டால் எதிரே யானை வந்து நின்றாலும் தெரியாது. பெண்கள் நேரம் 4 முதல் 6. பார்த்துக்கொள்வது பிலோமினா என்ற சின்னப் பெண். சிரிப்பதே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள். குப்புறக் கிடந்தபடியே ஓயாத பேச்சு. எங்கோ கேட்ட குரல்.

பயிற்சிக்கு ஜோடி வேண்டுமாம். குப்புறப் படுத்துக் கையைப் பின்னால் கட்டி நெஞ்சைத் தூக்க வேண்டும், மற்றவர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிலோமினா எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டாள்.

"பேரு?"

"பத்மா."

"நான் கோமதி. ஆய்க்குடி. நீ எங்கன வேல பாக்க?"

ஆய்க்குடி என்றதும் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. "தபால் ஆபீஸ்ல" என்றேன்.

7 ஜூலை, செவ்வாய்

பொய் சொன்ன காரணத்தை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஆய்க்குடி 27, அந்த அம்மாள் வீட்டு போன் நம்பர். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மெட்ராஸுக்கு ட்ரங்க் கால், மகனுக்கு. நாலு வருஷமாகப் பெரும்பாலும் நான்தான் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் அவன் "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிடுவான். அவன் வைத்தால் என் போர்டில் விளக்கு எரியும். அம்மா வைக்க மாட்டாள். "அப்படியா ராசா... சாப்பிட்டியா... தீபாவளிக்கு வந்துருவேல்லா..." என்று செத்த லைனில் பேசிக்கொண்டே இருப்பாள். போன் இருப்பது கூடத்தில். கொழுந்தன் குடும்பம் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கும். பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்கும். மூன்று நிமிடம் ஆனதும் நான் லைனுக்குள் புகுந்து, "மூன்று நிமிடம் ஆயிற்று, எக்ஸ்டெண்ட் பண்ணலாமா?" என்பேன். "போதும்மா" என்று வைப்பாள்.

விளக்கு எரிந்ததும் பிளக்கை உருவ வேண்டும் என்பது சட்டம். உருவியதில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன். வாரம் முழுக்க என் காதில் "சாப்பிட்டியா" என்று விழுவது அந்த ஒரு தடவைதான். அது எனக்கு இல்லை என்பதும் தெரியும்.

நான்தான் அந்த ஆபரேட்டர் என்று தெரிந்தால் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

வாங்க: மண்ணெண்ணெய், துண்டு 1, தலைவலித் தைலம்.

8 ஜூலை, புதன்

வீட்டில் தனியாகப் பயிற்சி செய்து பார்த்தேன். காலைப் பிடிக்க ஆள் இல்லாததால் பீரோவுக்கு அடியில் பாதத்தைச் சொருகினேன். நெஞ்சைத் தூக்கினால் பீரோ கதவு திறந்து சேலை எல்லாம் காலின் மேல். சிரிப்பு வந்தது. தனியாகச் சிரிப்பது அவ்வளவு நன்றாக இல்லை.

கோமதியக்கா தூக்குவாளியில் உளுந்தங்களி கொண்டுவந்தாள். "இடுப்புக்கு இதுதாம்ட்டி மருந்து. வெளிச்சம் கிளிச்சமெல்லாம் பொறவு." இரண்டு உருண்டை. கருப்பட்டி தூக்கல். பிலோமினாவுக்கும் ஒன்று. இன்று அவளும் சிரித்தாள்.

10 ஜூலை, வெள்ளி

ஐந்தாம் நாள். காலையில் எழும்போது கட்டில் விளிம்பைப் பிடிக்கவில்லை. இடது பக்கம் மட்டும் இன்னும் சுண்டி இழுக்கிறது.

அக்காவின் கணுக்காலை நான் பிடித்திருந்தபோது: "எம் மகன் வாரம் தவறாம பேசுதான். வைக்கவே மாட்டான். நான்தான் செலவாகுதேன்னு வைப்பேன்."

"நல்ல பிள்ளக்கா."

பிடி தளர்ந்துவிட்டது போல. "நல்லா அமுக்குட்டி" என்றாள்.

எனக்கு அவள் பிடிக்கும்போது கை கதகதப்பாக இருக்கிறது. அம்மா போன பிறகு என் காலை யாரும் தொட்டதில்லை.

11 ஜூலை, சனி

2–9 டூட்டி. ஏழு மணிக்கு ஆய்க்குடி 27.

மகன் ஐம்பது செகண்ட். விளக்கு. அக்கா தொடர்ந்தாள்: "ராசா, எனக்கு இங்கன ஒரு சிநேகிதி கெடச்சிருக்கா. பத்மான்னு பேரு. தபால் ஆபீஸ்ல வேல. ஒத்தையில இருக்கா, பாவம். நீ வரும்போது காட்டுதேன், என்னா?"

வாய் திறக்கப் பயம். கால் வந்தபோதும் மூன்று நிமிடம் ஆனபோதும் சரோஜாவையே பேசச் சொன்னேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று சாக்கு.

திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிடலாமா? லைனில் கேட்டதை வெளியே விடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் நான் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் சட்டம் இல்லை. அவள் போய்விடுவாள் என்ற பயம்.

13 ஜூலை, திங்கள்

எல்லாம் போயிற்று.

மெஷினில் மணி அடிக்கவில்லை, ஏதோ சிக்கிக்கொண்டது. பிலோமினா, "அக்கா, மூணு நிமிஷம் ஆனாச் சொல்லுங்க" என்று சும்மா சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். கறுப்புக் கண்ணாடியோடு கிடக்கிறவளுக்குக் கடிகாரம் எங்கே தெரியும். ஆனால் எனக்குக் கடிகாரம் வேண்டாம். மூன்று நிமிடம் என் உடம்பிலேயே இருக்கிறது. வெளிச்சம் அக்காவின் முதுகில். அவள் மகனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். நேரம் ஆனது தெரிந்தது. வாய் தானாகத் திறந்தது, போர்டில் பேசும் அதே குரலில்:

"மூன்று நிமிடம் ஆயிற்று. எக்ஸ்டெண்ட் பண்ணலாமா?"

பேச்சு நின்றது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். அவளும் கழற்றியிருந்தாள்.

"நீதானா?"

தலையை ஆட்டினேன். எழுந்தாள், சேலையைச் சரிசெய்தாள், பயிற்சி செய்யாமலே போய்விட்டாள். தூக்குவாளி ஜன்னலில் இருந்தது. களி அப்படியே.

14, செவ்வாய்

வரவில்லை. பிலோமினா என் காலைப் பிடித்தாள். இடுக்கிப் பிடி.

15, புதன்

வரவில்லை. தூக்குவாளியைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாரல் விட்டு வெயில்.

16, வியாழன்

போர்டில் கையெட்டும் தூரத்தில் ஆய்க்குடி லைன். பிளக்கைச் சொருகி 27 கேட்டால் ஒரு நிமிட வேலை. இரண்டு தடவை கையில் எடுத்தேன். கூடத்தில் யார் எடுப்பார்கள், என்னவென்று சொல்வேன்? வைத்துவிட்டேன்.

சாயங்காலம் டாக்டர் குனியச் சொன்னார். போன வாரம் விரல் முழங்கால் வரை. இன்று கணுக்காலுக்கு நாலு விரல் மேலே. "நல்ல முன்னேற்றம், வீட்ல சொல்லுங்க" என்றார். சரி என்றேன். வந்து விளக்கைப் போட்டேன். ரசம் வைக்க அலுப்பு. மோர் சாதம்.

17, வெள்ளி

பத்தாவது நாள். வெளிச்சம் முடிந்தது. டாக்டர்: "பயிற்சிய விட்டுட்டீங்கன்னா வலி திரும்ப வந்துரும். திங்களும் வியாழனும் நாலு மணிக்கு இங்கன பாய் விரிச்சிருக்கும், வந்து செய்ங்க." ஜோடி இல்லாமல் போய் என்ன செய்ய. முதுகு தேறிவிட்டது, எனக்குத்தான் முடியவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

18, சனி

2–9. ஏழு மணிக்கு ஆய்க்குடி 27 வராது என்றே நினைத்தேன். ஏழு ஐந்துக்கு வந்தது. சரோஜாவிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நம்பரை மட்டும் திருப்பிச் சொன்னேன். அவள் "ஆமா" என்றாள்.

மகன்: "கெஸ்ட் வந்திருக்காங்கம்மா, அப்புறம் பேசுறேன்." நாற்பது செகண்ட். விளக்கு எரிந்தது.

பின்னால் கூடத்துச் சத்தம். அக்கா மூச்சு விடுவது கேட்டது. பிறகு ஆரம்பித்தாள்.

"அப்படியா ராசா. எனக்கு முதுகு தேவல. வீட்டுலயே பயிற்சி செய்யுதேன். காலப் பிடிக்க ஆளில்ல, கட்டிலுக்கடியில சொருகிக்கிட்டுக் கெடக்கேன்."

குரலைத் தணித்தாள்.

"கோவந்தான் வந்துச்சு. வெக்கமாப் போச்சு. நாலு நாள் சோறு எறங்கல. பொறவு யோசிச்சேன். நாலு வருசமா நான் பேசினதெல்லாம் நீ வைக்காமக் கேட்டிருக்கியே. நீயும் வச்சிருந்தா வேற யாரு கேட்டிருப்பா."

சரோஜா அடுத்த கால் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் ஆனது தெரிந்தது. எக்ஸ்டெண்ட் பண்ணலாமா என்று கேட்காமல் லைனை அப்படியே விட்டேன்.

"திங்கக்கெழமை நாலு மணிக்கு அங்கன போவேன். தூக்குவாளிய விட்டுட்டு வந்துட்டேன், அத எடுக்கணும்." பிறகு கேட்டாள்: "சாப்பிட்டியா?"

பேசும் கீயைத் தள்ளினேன்.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.