கீறல் விழாத கிளாம்ப்

பிப்ரவரி 9
அண்ணன் பட்டறையில் லேத் முன்னால் நிற்க ஆரம்பித்துப் பதினேழு வருடம். வீடும் அவருடையது, என் அறையும் அவருடையது. வேறு பட்டறைக்குப் போனால், "அண்ணன் தம்பிக்குள்ள என்ன சண்டை?" என்று நாலு பேர் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும் துப்பாக்கி சுடும் கிளப்பில் இன்று ஓர் அறிவிப்பு: பராமரிப்புக்கு ஆள் தேவை, தங்க அறை உண்டு. மார்ச் 2 தேர்வு. எல்லாருக்கும் கிளப்பின் ஒரே பழைய சின்னத் துப்பாக்கி, ஆளுக்குப் பத்துக் குண்டு. அதிகப் புள்ளி எடுப்பவருக்கு வேலை. குறி பார்க்க ஸ்கோப், அதான் சின்னத் தொலைநோக்கி, வைத்துக்கொள்ளலாம்.

அறை. சாவி என் கையில்.

பிப்ரவரி 11
நாற்பத்தாறு வயதுக் கண்ணுக்கு, துப்பாக்கியில் கண்ணருகே இருக்கும் பின்குறி மங்கல். என்னிடம் ஸ்கோப் இருக்கிறது, துப்பாக்கியில் அதைப் பூட்ட இடமில்லை. துளை போடலாமா என்றேன். "கிளப் சொத்துங்க, ஒரு கீறல் விழக் கூடாது" என்றார் செயலாளர். குழலைக் கவ்விப் பிடிக்க இரண்டு வளையம் கடைந்தால்?

பிப்ரவரி 16
மத்தியான இடைவேளையில் துண்டு அலுமினியத்தில் கடைகிறேன். கீறாமலிருக்க உள்ளே சைக்கிள் டியூப். அண்ணன் வந்துவிட்டார்.
"என்னடா அது?"
"ஒண்ணுமில்லண்ணே, ஒரு கிளாம்ப்."
இந்த வயதில் பொய் சொல்லி வியர்க்கிறேன். வெட்கக்கேடு.

பிப்ரவரி 23
கிளப்பில் பூட்டினேன், கச்சிதம். குண்டு போட போல்ட்டைத் திறக்கப் போனால் அதன் கைப்பிடி ஸ்கோப்பில் முட்டுகிறது. கிளப்பில் போல்ட்டைக் கழற்றித் தனியாகப் பூட்டி வைப்பார்கள், சுடும்போதுதான் தருவார்கள். நான் அளவெடுத்தது போல்ட் இல்லாத துப்பாக்கியை. யானைக்கும் அடி சறுக்குமாம். நான் யானைகூட இல்லை.

பிப்ரவரி 24
உயரம் கூட்டி மறுபடி கடைகிறேன். சாப்பாடு வைக்கும்போது அண்ணி மெதுவாகக் கேட்டார்: "போயிடப் போறீங்களா தம்பி?" தலையாட்டினேன். "நான் அவர்கிட்ட சொல்லல" என்றார்.

மார்ச் 1
கிளப்பில் சுட்டுப் பார்த்தேன்: ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தான் அகலத்துக்குள். போய்விடுவேன். போயே விடுவேன்.

மார்ச் 2
ஐந்து பேர். முதலில் நான்: தொண்ணூற்று மூன்று. ஸ்கோப்பைக் கழற்றப் போனேன். "இருக்கட்டுங்க, எல்லாருக்கும் துப்பாக்கி ஒரே மாதிரி இருக்கணும்ல?" என்றார் செயலாளர். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வாய் இல்லையா எனக்கு? சொல்லல. மற்ற நாலு பேரும் என் ஸ்கோப்பிலேயே சுட்டார்கள். கடைசியாகச் சுட்ட பஸ் கண்டக்டருக்குத் தொண்ணூற்றாறு, வேலையும் அவருக்கு. என் கையைக் குலுக்கி, "நீங்க பண்ணதா? கல்லு மாதிரி நிக்குதுங்க" என்றார். நல்ல மனுஷன். அதனால் திட்டவும் முடியவில்லை.

மார்ச் 6
எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 10
செயலாளர் பட்டறைக்கே வந்தார். கிளப்பில் இன்னும் பன்னிரண்டு துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் அதே கிளாம்ப் வேண்டுமாம். அண்ணன் ஆர்டரை வாங்கிக்கொண்டு, எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். "என் தம்பி கை யாருக்கு வரும்?" இத்தனை நாளில் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு முடித்துவிட்டேன்.