கூரை ஏறுமுன் ஒரு குரல்

செப்டம்பர் 20, வியாழன். ஆம்பூர்

வெயில். வேலூரிலிருந்து காலை ரயில். பையில் ரசமட்டம், அடிக்கோல், பாதி படித்த புத்தகம்.

தோல் வியாபாரி காதர் சாயபு வீடு. நாட்டு ஓட்டைப் பிரித்து மங்களூர் ஓடு போட எஸ்டிமேட். முதலில் சரிவு தெரிய வேண்டும்: ஓர் அடிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது. ஓடு, மரம், கூலி எல்லாம் அதற்குப் பிறகுதான். உள்ளே பலகை மச்சு மறைக்கிறது, ஓட்டைத் தாங்கும் கைமரங்கள் தெரியவில்லை. மேலே ஏறித்தான் அளக்க வேண்டும்.

ஏற முடியவில்லை.

ஒரே கூரை, இரண்டு வீடு. பாகம் பிரித்தபோது முகட்டை எல்லையாக்கிப் பிரித்திருக்கிறார்கள். தெருப்பக்கச் சரிவு அண்ணன் காதருக்கு, பின்பக்கம் தம்பி இஸ்மாயிலுக்கு. ஆறு வருஷமாகப் பேச்சில்லை. மேலே நின்றால் தம்பி வீட்டு முற்றம் தெரியும். கோஷாப் பெண்கள், அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. ஏறுமுன் குரல் கொடுத்தால் உள்ளே போய்விடுவார்கள். ஆனால் இந்தத் தெருவில் வீட்டுக்காரரே குரல் கொடுக்க வேண்டும். வேலையாள் மஸ்தான் கூப்பிட்டுப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல்:

"கூரை யாருது? அவர வந்து சொல்லச் சொல்லு."

சாயபு தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

மகள் குல்சும் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் அறைக்கு மேல்தான் ஒழுகல் அதிகம். ஐப்பசி மழைக்குள் முடிய வேண்டும்.

21, வெள்ளி

ஜும்மா. மண்டிகள் அடைப்பு. என்னை அனுப்பிய கண்டிராக்டரின் கார்டு வந்தது: கண்ணால் பார்த்து ஆறு அங்குலம் என்று போட்டுவிட்டுத் திரும்பு.

போடலாம். கார்டு வருவதற்கு முன்பே எனக்கும் தோன்றியதுதான். கல்லூரியில் எத்தனையோ கோணம் வரைந்தேன். எதற்குக் கீழும் யாரும் படுத்திருக்கவில்லை.

காபிக் கடைப் பேச்சு: "ரெண்டு பேரும் ஒரே வரிசையில தொழ மாட்டாங்க. முடிக்கறப்ப ரெண்டு பக்கமும் திரும்பிச் சொல்ற சலாம் தப்பித்தவறி மத்தவர் மேல பட்டுடுமாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அப்பாவின் கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. பேனா எடுத்தேன், மையைத் துடைத்து வைத்தேன்.

22, சனி

மத்தியானம் திடீர் மழை. கூடத்தில் காத்திருந்தேன். உள்ளே பாத்திரங்கள் வைக்கும் சத்தம். கட்டிலை இழுத்தார்கள். மறுபடியும் இழுத்தார்கள். சாயபுவின் மனைவி என்னவோ சொன்னார், தணிந்த குரல். உருது. குல்சும் பெயர் மட்டும் புரிந்தது.

மழை விட்டது. சாயபு முகம் கழுவி, தொப்பியைச் சரிசெய்து, முற்றத்துக்கு வந்தார். சுவரைப் பார்க்கவில்லை. ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ஆளு ஏறுது."

அவ்வளவுதான். பெயர் இல்லை. அந்தப் பக்கம் வளையல் சத்தம், தாழ்ப்பாள். வீட்டுக்குள் உருது பேசுகிறவர்கள், இதை மட்டும் தமிழில் சொல்வார்களாம். ஏறுகிறவனுக்கும் புரிய வேண்டும் என்று.

ஏறினேன். ஈர ஓடு, பாசி. தூரத்தில் பாலாற்று மணல். ஓட்டைத் தவிர எதையும் பார்க்கக்கூடாது என்று நினைத்ததாலோ என்னவோ, ஒவ்வொரு ஓடும் தனித்தனியாக நினைவில் நிற்கிறது.

தெருப்பக்கம் 5 அங். பின்பக்கம் 4½, நடுவில் தொய்வு. மங்களூர் ஓட்டுக்கு 7 வேண்டும். சுவர்கள் நின்ற இடத்தில் நிற்க, முகடு உயர வேண்டும். முகடு உயர்ந்தால் தம்பி பக்கமும் உயரும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கும் வழி உண்டா என்று வரைந்து வரைந்து பார்த்தேன். இல்லை.

கண்ணால் பார்த்து ஆறு என்று போட்டிருப்பேன்.

23, ஞாயிறு

இஸ்மாயிலின் தோல் பதனிடும் ஷாப். ஆவாரம்பட்டை நாற்றம், சட்டையில் இன்னும் இருக்கிறது. அண்ணன் அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன். படத்தை விரித்துச் சொன்னேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. தோல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே, குல்சும் படுத்திருப்பது எந்த அறை என்று கேட்டார். கிழக்கறை என்றேன்.

"அங்கதான் நாங்க ரெண்டு பேரும் பொறந்தோம். தூக்கிக்குங்க. எம் பக்கத்து செலவு என்னுது." தோலைத் திருப்பிப் பிடித்து, "தெனம் ஏறும்போது அவரே சொல்லணும். மஸ்தான் சொன்னா எங்க ஊட்ல கதவு சாத்த மாட்டாங்க."

சாயபுவிடம் சொன்னேன். தலையாட்டினார். தினமுமா என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 1, திங்கள்

வேலை ஆரம்பம். கிழக்கறையிலிருந்து. குல்சுமை மேற்கறைக்கு மாற்றியாயிற்று. ஓடு பதிக்கும் ரீப்பர் சட்டங்கள் வந்தன, ஆணி குறைவு.

"ஆளு ஏறுது. நாலு பேரு."

3, புதன்

"ஆளு ஏறுது. தூசி விழும். தண்ணிக் கொடத்த மூடி வைங்க."

மேஸ்திரி என் காதருகில்: "சாயபு தெனம் ரெண்டு வார்த்த ஜாஸ்தியாக்கறாரு, பாத்தீங்களா சார்."

அந்தப் பக்கம் தாழ்ப்பாள் மட்டும். பழைய முகட்டுக்கட்டை இறங்கியது, நடுவில் செல்லரிப்பு. கொஞ்ச நேரம் கிழக்குப் பக்கம் இரண்டு வீட்டுக்கும் மேலே ஒன்றுமில்லை. ஒரே ஆகாயம். கீழே எல்லோரும் அவரவர் கதவுக்குப் பின்னால்.

4, வியாழன்

புதிய முகடு ஏறியது. கிழக்கறைக்கு இரு பக்கமும் ஓடு. மாலையில் ரசமட்டம் வைத்தேன். 7. மறுபக்கமும் 7. அசட்டு சந்தோஷம். மேற்கே மின்னல்.

6, சனி

விடியும்போதே மழை, நல்ல மழை. வேலை இல்லை. ஆட்கள் மாட்டுக்கொட்டகையில் பீடி. குல்சுமைத் திரும்பக் கிழக்கறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மஸ்தான் போய்க் கேட்டு வந்தார்: ஒரு சொட்டு இல்லை, பொண்ணு தூங்குது.

சாயபு குடையில்லாமல் முற்றத்தில் இறங்கினார். இந்தத் தடவை சுவரைப் பார்த்து:

"இன்னிக்கி யாரும் ஏறல. வெளிய வரலாம்."

இந்த மழையில் எந்தப் பெண் முற்றத்துக்கு வருவாள். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. இஸ்மாயில் குரல். உருது.

"இன்னா சார் சொல்றாரு?" என்றார் மேஸ்திரி.

"மழையில எவன் ஏறுவான்னு கேக்கறாரு" என்றார் மஸ்தான்.

சாயபு ஏதோ பதில் சொன்னார். அவரும் உருதுவில். நீளமாக. எனக்குப் புரியவில்லை.